வாளின் காம்பில் ஒரு சாட்சி



சில ஆண்டுகளுக்கு முன்னர், நெகிரி செம்பிலானைச் சேர்ந்த சீன நண்பர் ஒருவர் தம் இல்லத்திற்கு என்னை அழைத்திருந்தார். அலமாரியின் மேலிருந்து பழைய துணியால் சுற்றிய நீண்ட பொருள் ஒன்றை இறக்கி மேசைமீது வைத்தார். துணியைப் பிரித்தபோது உள்ளே ஒரு ஜப்பானிய வாள் இருந்தது. "என் பாட்டனாரை வெட்டிய வாள் இது. போர் முடிந்ததும் எங்கள் குடும்பத்திற்கு வந்து சேர்ந்தது என்று என் தாயார் சொல்வார். அது மெய்தானா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

நேயர்களே, 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நெகிரி செம்பிலானின் சீனக் கிராமங்கள் பலவற்றில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நண்பரின் பாட்டனார் அம்மாதத்தில் மாண்டவர்களுள் ஒருவர். ஆகவே அவர் கேட்டது வேடிக்கைக் கேள்வியன்று. அதற்கு விடை தேட வேண்டுமானால் அந்த வாளிடமே கேட்டாக வேண்டும். வாள் பேசுமா என்று நீங்கள் வியக்கலாம். பேசும். பிடிக்குள் மறைந்திருக்கும் அதன் காம்பிலே வெட்டப்பட்டுள்ள எழுத்துகளும் அடிக்கப்பட்டுள்ள சிறு முத்திரைகளும்தாம் அதன் மொழி. அம்மொழியைப் படிப்பது எப்படி என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில், இத்தகைய வாள்கள் நம் நாட்டில் எப்படி வந்தன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. சிங்கப்பூர் 'சியோனான்' என்று பெயர் மாற்றம் பெற்றது. மூன்றரை ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழாயிற்று. 1945 செப்டம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூர் நகராண்மைக் கழகக் கட்டடத்தில் தளபதி இதாகாக்கி, மௌண்ட்பேட்டன் பிரபுவின் முன் சரணடைவுப் பத்திரத்தில் கையொப்பமிட்டார். மறுநாள் கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் மற்றொரு சரணடைவுச் சடங்கு நடந்தது.

சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாளைப் பலரறிய ஒப்படைக்க வேண்டும் என்பதில் மௌண்ட்பேட்டன் உறுதியாக இருந்தார். அமெரிக்கத் தளபதி மெக்கார்தருக்கு இதில் உடன்பாடில்லை. வாளைக் கையளிக்கும் சடங்கு பழங்காலத்துப் பழக்கம் என்பது அவர் கருத்து. ஆனால் தென்கிழக்காசியாவில் மௌண்ட்பேட்டனின் விருப்பமே நடந்தது. நோயுற்றிருந்த காரணத்தால் சிங்கப்பூர்ச் சடங்கிற்கு வர இயலாத தலைமைத் தளபதி தெராவுச்சி, 1945 நவம்பர் 30ஆம் நாள் சைகோனில் தம் குடும்ப வாளை மௌண்ட்பேட்டனிடம் நேரில் ஒப்படைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அவர் ஜொகூர் மாநிலத்து ரெங்கம் என்னுமிடத்தில் காவலில் இருந்தபோதே காலமானார்.

இவ்வாறு குவிந்த வாள்கள் பல கைகளுக்குச் சென்றன. பிரிட்டிஷ், இந்திய, ஆஸ்திரேலியப் படைவீரர்கள் அவற்றை நினைவுப் பொருளாகத் தாயகம் கொண்டு சென்றனர். சில இங்கேயே தங்கிவிட்டன. வீட்டில் தங்கிய வாளோடு கதையும் தங்கிவிடும். ஆண்டுகள் செல்லச் செல்லச் சார்ஜண்டின் வாள் கர்னலின் வாளாகும். கர்னலின் வாள் தளபதியின் வாளாகும். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நான் கூறவில்லை. கதை வளரும் இயல்புடையது. இரும்பில் விழுந்த முத்திரையோ வளராது. இதுவே முத்திரைகளின் பயன்.

இனி வாளின் வரலாற்றுக்கு வருவோம். 1876ஆம் ஆண்டில் மெய்ஜி அரசு, படைத்துறையினரும் காவல் துறையினரும் தவிர மற்றவர் பொது இடத்தில் வாள் அணிதல் கூடாது என்று ஆணையிட்டது. வாள் கொல்லர்கள் பலர் பிழைப்பிழந்தனர். படை அதிகாரிகளோ மேனாட்டுப் பாணியில் வளைந்த கைக்காப்புடைய வாளை அணிந்தனர். 1930களில் ஜப்பானில் தேசிய உணர்வும் படைத்துறையின் செல்வாக்கும் ஓங்கின. அப்போது, "நம் முன்னோரின் வாள் வடிவமே நமக்கு வேண்டும்" என்ற எண்ணம் எழுந்தது. அதன் விளைவாக 1934ஆம் ஆண்டில் தரைப்படை அதிகாரிகளுக்குப் பழைய சாமுராய் வாளின் வடிவில் புதிய வாள் வகுக்கப்பட்டது. அதற்கு 'ஷின் குந்தோ', அதாவது புதிய படை வாள், என்று பெயர். 1938இல் அதன் உறையிலும் தொங்கு வளையத்திலும் சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. கடற்படைக்கு 1937இல் 'காய் குந்தோ' என்னும் வாள் வந்தது. 1935ஆம் ஆண்டில், அதிகாரி நிலைக்குக் கீழேயுள்ள சார்ஜண்ட் முதலியோருக்கென 'தொண்ணூற்றைந்தாம் வகை' வாள் வந்தது.

இங்கே ஓர் அடிப்படை வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அதிகாரி தம் வாளைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சார்ஜண்டின் வாளோ அரசாங்கச் சொத்து. துப்பாக்கியைப் போலவே படை கொடுக்கும், படை திரும்பப் பெற்றுக்கொள்ளும். முத்திரைகளில் காணும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை.

அரசாங்கச் சொத்துக்குக் கணக்கு வேண்டுமல்லவா? ஆகவே சார்ஜண்ட் வாளின் அலகிலேயே, கைக்காப்பிற்குச் சற்று மேலே, வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதே எண் உறையின் வாய்ப்புறத்திலும் இருக்கும். இரண்டும் ஒத்திருந்தால் அந்த அலகும் அந்த உறையும் ஒன்றாகவே பிறந்தவை. வேறுபட்டால், போர்க்காலத்திலோ பின்னரோ உறை மாறிவிட்டது என்று கொள்ளலாம். இவ்வாளின் அலகு இயந்திரத்தால் செய்யப்பட்டது. பக்கத்தில் நீண்ட பள்ளம் ஓடும். பிடி உலோக வார்ப்பு. துணிநாடா சுற்றியதுபோல் தோன்றுமே தவிர அது வார்ப்பில் வந்த உருவமே. முதலில் செம்பால் பிடி செய்தார்கள். பின்னர் அலுமினியத்தில் வார்த்து வண்ணம் பூசினார்கள். போரின் கடைசிக் காலத்தில் உலோகத் தட்டுப்பாட்டால் மரப்பிடிக்கு இறங்கிவிட்டார்கள். ஆக, பிடியைப் பார்த்தே அது எக்காலத்து வாள் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

அலகின் எண்ணுக்கு அருகில் ஒரு சிறிய சீன எழுத்து இருக்கும். அதுவே பரிசோதனை முத்திரை. எந்தப் படைக்கலச் சாலையின் மேற்பார்வையில் வாள் சோதிக்கப்பட்டது என்பதை அது அறிவிக்கிறது. 'கிழக்கு' என்னும் பொருளுடைய எழுத்து இருந்தால் தோக்கியோ. தோக்கியோ என்றால் கிழக்குத் தலைநகர் என்பது பொருள். 'பெயர்' என்னும் பொருளுடைய எழுத்து நகோயாவைக் குறிக்கும். 'சிறிய' என்னும் எழுத்து, அதாவது நடுவில் ஒரு செங்குத்துக் கோடும் இருமருங்கிலும் ஒவ்வொரு சிறு கோடும் உடையது, கொக்குராவைக் குறிக்கும். 'அருள்' என்னும் பொருளுடைய எழுத்து கொரியாவிலிருந்த ஜின்சென் படைக்கலச் சாலையைக் குறிக்கும். அவ்வூர் இன்று இஞ்சோன் எனப்படுகிறது. பிடியும் கைக்காப்பும் கூடுமிடத்தில் உள்ள உலோக வளையத்தில் வேறு சில முத்திரைகளும் காணப்படும். பீரங்கிக் குண்டுகளை அடுக்கி வைத்ததுபோல் ஒன்றோடொன்று பின்னிய நான்கு வட்டங்கள் படைக்கலச் சாலையின் அடையாளம். அதனருகே, குத்தகைக்கு எடுத்துச் செய்த நிறுவனத்தின் குறியும், சோதித்த அலுவலரின் குறியும் இருக்கும். செய்தவர் ஒருவர், சோதித்தவர் ஒருவர், பொறுப்பேற்ற சாலை ஒன்று என மூன்று சாட்சிகள் அங்கே கையொப்பமிட்டிருக்கின்றன.

இப்போது அதிகாரியின் வாளை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் முத்திரை எதுவும் தெரியாது. பிடியின் குறுக்கே ஒரு சிறிய மூங்கில் ஆணி செருகியிருக்கும். அதனை மெல்லத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவிடும். அப்போது வெளிப்படும் பகுதியே காம்பு. ஜப்பானியர் அதனை 'நகாகோ' என்பர். நம் வீட்டு அரிவாளின் காம்பு மரப்பிடிக்குள் இறங்கியிருப்பதைப் போன்றதே இதுவும். ஜப்பானியக் கொல்லர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தங்கள் பெயரைக் காம்பின் ஒரு பக்கத்திலும், செய்த நாளை மறுபக்கத்திலும் உளியால் வெட்டி வந்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் இவற்றோடு முத்திரைகளும் சேர்ந்துகொண்டன.

முத்திரைகளைப் பற்றிச் சொல்லுமுன் செக்கி என்னும் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானின் நடுப்பகுதியில் கிஃபு மாநிலத்தில் உள்ள இவ்வூர், பல நூற்றாண்டுகளாக வாளுக்குப் பெயர்பெற்றது. கனேமோத்தோ, கனேசதா முதலிய புகழ்மிக்க கொல்லர்கள் இங்கே வாழ்ந்தனர். 'கனே' என்னும் எழுத்தால் தொடங்கும் பெயர் செக்கிக் கொல்லர் மரபின் அடையாளம் என்றே சொல்லலாம். 1876ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு இவ்வூரார் சமையற்கத்தி, பேனாக்கத்தி, கத்தரிக்கோல் செய்து பிழைத்தனர். இன்றும் செக்கியின் சமையற்கத்திகள் உலகெங்கும் விற்பனையாகின்றன. 1937இல் சீனாவோடு போர் மூண்டது. அதிகாரிகளின் எண்ணிக்கை பெருகியது. ஒவ்வோர் அதிகாரிக்கும் ஒரு வாள் தேவைப்பட்டது. இந்தத் தேவையைப் பெருமளவில் நிறைவேற்றிய ஊர் செக்கிதான்.

பழைய முறையில் வாள் செய்வது எளிதன்று. இரும்பு மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் இட்டு உருக்கி 'தமஹகனே' என்னும் எஃகை எடுக்க வேண்டும். அதனைக் காய்ச்சி, மடித்து, அடித்து, மறுபடியும் மடித்து அடிக்க வேண்டும். பின்னர் அலகின்மீது களிமண் பூசி, விளிம்பில் மட்டும் மெல்லியதாகப் பூசி, நெருப்பிலிட்டுத் தண்ணீரில் தோய்க்க வேண்டும். அப்போது விளிம்பு ஓரமாகப் பனிமூட்டம் போன்ற வெண்கோடு ஒன்று அலகில் படியும். இவ்வாறு செய்தால் ஒரு கொல்லர் மாதத்திற்குச் சில வாள்களே செய்ய முடியும். போருக்கோ ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆகவே தொழிற்சாலை எஃகை எடுத்து, அடித்து நீட்டி, தண்ணீருக்குப் பதிலாக எண்ணெயில் தோய்த்தார்கள். எண்ணெயில் தோய்த்தால் அலகு வெடிக்கும் ஆபத்து குறைவு. வேலையும் விரைவாக முடியும். இவை போருக்குத் தகுதியான வாள்கள்தாம். ஆனால் பழைய முறையில் பிறந்தவை அல்ல.

வாங்குபவருக்கு இந்த வேறுபாடு தெரிய வேண்டாமா? நம்மவர் நகைக்கடையில் தாலிச்சரடு வாங்கும்போது, திருப்பிப் பார்த்து 916 என்னும் எண்ணைத் தேடுவதில்லையா? அதுபோலவே காம்பிலே முத்திரை குத்தும் வழக்கம் ஏற்பட்டது. பூப்போன்ற சிறு வட்டத்திற்குள் 'ஷோ' என்னும் எழுத்துடைய முத்திரை ஒன்று உண்டு. ஷோவா என்பது பேரரசர் ஹிரோஹித்தோவின் ஆட்சிக்காலத்தின் பெயர். அதன் முதல் எழுத்தே இது. 1930களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 1942 வரை செய்த வாள்களில் இம்முத்திரையைக் காணலாம். மற்றொன்று, சிறு வட்டத்திற்குள் 'செக்கி' என்னும் ஊர்ப்பெயரின் எழுத்துடைய முத்திரை. செக்கி நகரத்துக் கத்தி செய்வோர் சங்கத்தின் பரிசோதனை முத்திரை அது. 1940 அளவில் தொடங்கிப் போர் முடியும்வரை இது வழக்கில் இருந்தது. இவ்விரண்டில் ஒன்று காம்பில் இருந்தால், அந்த அலகு பெரும்பாலும் பழைய முறையில் செய்யப்பட்டதன்று என்று கொள்ளலாம். பெயர் வெட்டியிருக்கிறதே என்று கேட்கலாம். பெயரையும் மதித்தே படிக்க வேண்டும். ஆனால் பெயர் வெட்டுவதையே தொழிலாகக் கொண்ட கைவினைஞர்கள் கொல்லருக்காக வெட்டிக் கொடுத்ததும் உண்டு.

மூன்றாவது முத்திரை, ஐந்து முனையுடைய விண்மீன். விண்மீன் ஜப்பானியத் தரைப்படையின் சின்னம். படைத்துறை தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த கொல்லர்களுக்குத் தமஹகனே எஃகையும் கரியையும் கொடுத்து, பழைய முறைப்படியே வாள் செய்யச் சொன்னது. அவ்வாள்கள் சோதனையில் தேறியபின் காம்பில் விண்மீன் குத்தப்பட்டது. ஆகவே ஷோவா முத்திரையும் செக்கி முத்திரையும் ஒரு செய்தி சொன்னால், விண்மீன் அதற்கு நேர்மாறான செய்தி சொல்கிறது. அரிசி மணி அளவுள்ள ஒரு குறி, வாளின் மதிப்பையே மாற்றிவிடுகிறது.

கடற்படை வாள்களில் நங்கூர முத்திரை காணப்படும். ஐச்சி மாநிலத்தின் தொயோக்கவாவில் இருந்த கடற்படைப் படைக்கலச் சாலையின் வாள்களில் நங்கூரம் உண்டு. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் அல்லவா? ஆகவே கடற்படை வாள்களில் பல, துருப்பிடிக்காத எஃகினால் செய்யப்பட்டன. நங்கூரமும் துருவற்ற காம்பும் ஒருங்கே இருந்தால் அதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு சுவையான வகையும் உண்டு. தென் மஞ்சூரிய ரயில்வே நிறுவனம், ஜப்பானியச் சுருக்கப்பெயரில் 'மாந்தேத்சு', தன் சொந்த எஃகில் வாள் செய்தது. ரயில் ஓட்டும் நிறுவனம் வாள் செய்ததா என்று வியக்க வேண்டாம். அந்நிறுவனத்திற்குத் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் இருந்தன. அவ்வாள்களின் காம்பில் 'ஆசியாவை எழுப்ப ஒரே மனம்' என்னும் பொருளுடைய முழக்கமும், 'மாந்தேத்சு செய்தது' என்னும் சொற்களும் வெட்டப்பட்டிருக்கும். காம்பின் முதுகில் 'தெற்கு' என்னும் பொருளுடைய எழுத்து முத்திரையாக இருக்கும். ஆசியாவை எழுப்புவதாகச் சொல்லிக்கொண்டு வந்த அந்த வாள்களின் கீழ் ஆசியர்கள் பட்ட பாட்டை, சயாம் மரண ரயில்பாதைக்குச் சென்று திரும்பாத நம் தோட்டப்புறத்து மக்களின் குடும்பங்கள் அறியும்.

சரி, முத்திரையே இல்லாவிட்டால்? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். முத்திரை இல்லாத வாள் மட்டமானது என்று எண்ணிவிடலாகாது. தோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்தில் 1933ஆம் ஆண்டு முதல் 1945 வரை ஒரு வாள் பட்டறை இயங்கியது. அங்கே ஏறத்தாழ 8,100 வாள்கள் பழைய முறையில் செய்யப்பட்டன. 'யசு' என்று தொடங்கும் பெயர் வெட்டிய அவ்வாள்களில் மேற்சொன்ன பரிசோதனை முத்திரைகள் இல்லை. மேலும், அதிகாரிகள் சிலர் தங்கள் மூதாதையரின் வாளையே எடுத்துப் படைப்பிடியும் படையுறையும் பொருத்தி அணிந்துவந்தனர். வெளித்தோற்றத்தில் அது கடைச்சரக்கு. உள்ளேயிருக்கும் அலகோ முந்நூறு, நானூறு ஆண்டுப் பழமையுடையதாக இருக்கலாம். காம்பு கறுத்து, நீளம் குறைக்கப்பட்டு, ஆணித்துளை இரண்டு மூன்று இருந்தால் கவனமாகப் பார்க்க வேண்டும். முத்திரை இருப்பது ஒரு சான்று. இல்லாதது மட்டுமே சான்றாகிவிடாது.

இனி, தேதியைப் படிக்கும் முறையைச் சொல்கிறேன். இது எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் வரும். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவற்றுக்கு முறையே ஒரு கிடைக்கோடு, இரண்டு கிடைக்கோடு, மூன்று கிடைக்கோடு. பத்துக்குக் கூட்டல் குறி போன்ற எழுத்து. எட்டுக்கு, உச்சியில் சேராத கூரைச் சரிவுகள் போன்ற இரண்டு கோடுகள். காம்பின் எழுத்துகள் மேலிருந்து கீழாகச் செல்லும். முதலில் 'ஷோவா' என்னும் இரண்டு எழுத்துகள், பின் எண், பின் 'ஆண்டு' என்னும் எழுத்து, பின் மாதத்தின் எண், இறுதியில் 'மாதம்' என்னும் எழுத்து. ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும். கூட்டல் குறியும் அதன் கீழே கூரைச் சரிவும் இருந்தால் பதினெட்டு. 18உடன் 1925ஐக் கூட்டினால் 1943. இவ்வளவே கணக்கு. பழைய மரபைப் பின்பற்றிய கொல்லர்கள் இரண்டாம் மாதம் அல்லது எட்டாம் மாதம் என்று வெட்டுவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். ஆகவே மாதத்தை அப்படியே நம்பிவிடாமல், ஆண்டையே முதன்மையாகக் கொள்ளுதல் நலம்.

காம்பில் சிவப்பு அல்லது வெள்ளை வண்ணத்தால் எழுதிய எண்களும், கைக்காப்பின் இருபுறமும் உள்ள மெல்லிய தகடுகளில் குத்திய எண்களும் சிலரைக் குழப்பும். இவை வாளின் வரிசை எண்களும் அல்ல. உரியவரின் படை எண்ணும் அல்ல. பட்டறையில் பல வாள்களைச் சேர்ந்தாற்போல் பூட்டும்போது, ஒரு வாளின் உறுப்புகள் மற்றொன்றோடு கலந்துவிடாமல் இருப்பதற்காகப் போட்ட அடையாளங்கள். எல்லாத் தகடுகளிலும் ஒரே எண் இருந்தால், உறுப்புகள் யாவும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை என்று மகிழலாம்.

உரியவரின் நிலையை அறியக் காம்பு உதவாது. பிடியில் தொங்கும் குஞ்சமே உதவும். பழுப்பும் நீலமும் கலந்த குஞ்சம் லெப்டினண்ட், கேப்டன் நிலையினருக்கு. பழுப்பும் சிவப்பும் மேஜர், கர்னல் நிலையினருக்கு. பொன்னிழை சேர்ந்தது தளபதிகளுக்கு. ஆனால் குஞ்சம் கழற்றி மாட்டக்கூடியது. பிடியின் தலைப்பில் வெள்ளியால் செய்த சிறு குடும்பச் சின்னம் பதித்திருந்தால், எந்தக் குலத்தைச் சேர்ந்தவர் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஒரே சின்னத்தைப் பல குடும்பங்கள் பயன்படுத்தியதால் ஆளைக் கண்டுபிடித்துவிட முடியாது.

நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காம்பின் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். அந்தத் துருவின் நிறமே வாளின் வயதுக்குச் சான்று. உப்புத்தாள் கொண்டு ஒரு மணி நேரம் தேய்த்தால் நூறாண்டுச் சாட்சி அழிந்துவிடும். மெல்லிய முத்திரைகளும் தேய்ந்துபோகும். அலகை வெறுங்கையால் தொடுவதும் கூடாது. கை வியர்வை பட்ட இடத்தில் துரு ஏறும். மேலும், எண்பது ஆண்டு கழிந்தாலும் அந்த விளிம்பு விரலை வெட்டும். பிடியைக் கழற்றத் தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்தே கழற்ற வேண்டும். வாள் ஓர் ஆயுதம் என்பதையும் மறக்கலாகாது. அதனை வைத்திருப்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும் சட்ட விதிகள் உண்டு. அவற்றை முதலில் கேட்டறிந்துகொள்ளுங்கள். போலி வாள்களும் சந்தையில் நிறைய உலவுகின்றன. அவற்றின் எண்கள் ஆழமின்றிக் கோணலாக இருக்கும். எழுத்துகளைப் படித்தால் பொருளே வராது. புதிய இரும்புக்கு மருந்து பூசிப் பழுப்பேற்றியிருப்பார்கள்.

முத்திரையின் தீர்ப்பு எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஜப்பானையே சான்றாகக் கூறலாம். போர் முடிந்ததும் நேசப்படையினர் அந்நாட்டு வாள்களைத் திரட்டி அழிக்கத் தொடங்கினர். கலைச்செல்வமான பழைய வாள்களும் அழிந்துவிடும் என்று அஞ்சிய அறிஞர்கள் வாதாடி, கலைமதிப்புள்ளவற்றைக் காப்பாற்றினர். 1948ஆம் ஆண்டில் ஜப்பானிய வாள்கலைப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அன்று வகுத்த பாகுபாடு இன்றும் நிலவுகிறது. பழைய முறையில் செய்த வாளை ஜப்பானில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். இயந்திர முறையிலும் தொழிற்சாலை எஃகிலும் செய்த போர்க்கால வாளுக்குப் பதிவு இல்லை. அது வெறும் ஆயுதமாகவே கருதப்படும். வெளிநாட்டிலிருந்து யாரேனும் நல்லெண்ணத்தோடு ஒரு வாளை ஜப்பானியக் குடும்பத்திற்குத் திருப்பி அனுப்ப விரும்பினாலும், அது சுங்கத்தைத் தாண்டுமா, உலைக்குப் போகுமா என்பதைக் காம்பும் அலகுமே முடிவு செய்கின்றன.

நண்பரின் வீட்டிற்குத் திரும்புவோம். மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினோம். காம்பில் சிறு வட்டத்திற்குள் செக்கி முத்திரை இருந்தது. ஒரு பக்கத்தில் 'கனே' என்று தொடங்கும் பெயர். மறுபக்கத்தைத் திருப்பினேன். ஷோவா, அதன் கீழே கூட்டல் குறி, அதன் கீழே கூரைச் சரிவு. பின்னர் மூன்று கிடைக்கோடுகள். ஷோவா பதினெட்டாம் ஆண்டு மூன்றாம் மாதம். அதாவது 1943 மார்ச்சு. பாட்டனார் மாண்டது 1942 மார்ச்சு. அவர் மாண்டபோது இந்த வாள் பிறக்கவேயில்லை.

சொல்வதா, வேண்டாமா என்று சற்றே தயங்கினேன். அவருடைய தாயார் அப்போது உயிரோடிருந்தார். அடுத்த அறையில் அமர்ந்திருந்தார். ஆனால் மெய்யா என்று கேட்டவருக்கு மெய்யைத்தான் சொல்ல வேண்டும். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். நண்பர் அதனை இருமுறை கூட்டிப் பார்த்தார். பின்பு தாயாரிடம் சென்று சீன மொழியில் எடுத்துச் சொன்னார். அந்த அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. கடைசியில் சொன்னதை நண்பர் எனக்கு மொழிபெயர்த்தார்: "வாளைப் பற்றிய பேச்சுப் பொய்யாகப் போகட்டும். என் தகப்பனார் வீடு திரும்பாதது பொய்யில்லை."

அந்த ஒரு சொல்லில் வரலாற்றுப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சான்று தவறாகிப்போனால் நிகழ்ச்சியே பொய்யாகிவிடாது. அதேபோல், நிகழ்ச்சி மெய் என்பதற்காகத் தவறான சான்றையும் தூக்கிப் பிடிக்கலாகாது. அப்படிப் பிடித்தால், நாளை அந்தக் கொலைகளை மறுக்க விரும்பும் ஒருவன் வந்து, "இந்த வாள் பொய், ஆகவே உங்கள் கதை முழுவதும் பொய்" என்று சொல்ல நாமே வழி செய்து கொடுத்தவர்களாவோம். 1941க்கு முன் தேதியிட்ட வாள் கிடைத்தாலும், அதுதான் வெட்டியது என்று ஆகிவிடாது. வெட்டியிருக்கக்கூடும் என்று மட்டுமே சொல்லலாம். முத்திரை எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையே நாமும் சொல்ல வேண்டும்.

நண்பர் வாளை எறிந்துவிடவில்லை. 'செக்கி, 1943. எங்கள் குடும்பத்திற்கு 1945இல் வந்தது' என்று ஓர் அட்டையில் எழுதி அதனோடு கட்டி வைத்தார். பாட்டனாரின் பெயரும் அவர் மறைந்த மாதமும் தனியாக மற்றோர் அட்டையில் எழுதப்பட்டு, அவருடைய படத்தின் கீழ் வைக்கப்பட்டன. இரண்டு உண்மைகளுக்கும் இரண்டு இடங்கள் கிடைத்தன.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஜப்பான்காரன் காலத்துப் பொருள் ஏதேனும் இருக்கலாம். வாழைமரத்து நோட்டாக இருக்கலாம். பங்கீட்டு அட்டையாக இருக்கலாம். பழைய கடிதமாக இருக்கலாம். அதனைத் தேய்க்காமல், திருத்தாமல், அதில் உள்ளதை உள்ளபடி படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதையைத் தனியே எழுதி வையுங்கள். பொருள் சொல்வதும் பெரியவர் சொல்வதும் ஒத்திருந்தால் நன்று. ஒத்திராவிட்டால் இரண்டையும் காத்து வைப்பது நம் கடமை.